பழி ஓரிடம், பிழை ஓரிடம்: கிளிநொச்சி யோகட் இயந்திரம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் முடிந்து ஒன்பதாம் நாள், புதுக்குடியிருப்புக் கடை ஒன்றிலிருந்து இரண்டு தட்டு யோகட் எங்கள் நிலையத்துக்குத் திரும்பி வந்தது. ஒரு கிண்ணத்தை எடுத்தேன். விளிம்பு கையில் ஒட்டியது. மூடித்தாளை உரிக்கப் போனால் ஒரு பக்கம் ஏற்கெனவே திறந்து கிடந்தது. அந்த இடத்துக்கு நேர் கீழே, யோகட்டின் வெண்மையின் மேல், மிளகளவில் பச்சைப் பூஞ்சை. காலாவதித் திகதிக்கு இன்னும் நான்கு நாட்கள் இருந்தன.

நாங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில் இயங்கும் ஒரு சிறிய பால் கூட்டுறவு. காலையில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கான்களில் வரும் பாலில் ஏறத்தாழ 240 லீற்றர் யோகட்டுக்குப் போகும். 80 மில்லிலீற்றர் கிண்ணத்தில் 3,000 கிண்ணங்கள். யோகட்டைக் கிண்ணத்தில் ஊற்றி மூடும் இயந்திரத்துக்குப் பொறுப்பு நான். அதை இயக்குபவர் எங்கள் ஊர்த் தங்கச்சி ஒருவர். அவருடைய வீட்டு மாட்டுப் பாலும் இதே தொட்டியில்தான் விழுகிறது. ஆகவே திரும்பி வந்த அந்த இரண்டு தட்டும் எங்களுக்கு வெறும் கணக்கு நட்டம் அல்ல. அதிகாலை நான்கு மணிக்கு எழும்பிக் கறந்த பால் அது.

எங்கே பிழை நடந்தது, அதை எப்படித் தவறான இடத்தில் தேடினோம், கடைசியில் யார் கண்ணில் அது பட்டது என்பதை ஒளிக்காமல் எழுதி வைக்கிறேன். இதுபோன்ற சுழல்தட்டு இயந்திரத்தை வேறு சிறு நிலையங்களும் வாங்கக்கூடும். இதைப் படிப்பவர்களுக்கு ஒரு மாதப் பாலாவது மிஞ்சட்டும்.

எட்டு நிலைகள்

முன்பு எல்லாம் கைவேலை. ஒருவர் சாடியால் ஊற்றுவார், ஒருவர் மூடித்தாள் வைப்பார், ஒருவர் கைச்சூட்டு அச்சால் அழுத்துவார். மூவர் சேர்ந்து மணித்தியாலத்துக்கு 250 கிண்ணம் முடித்தால் பெரிய காரியம். 2022 மார்ச்சில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத நாட்களில்கூட அந்த முறையில் ஏதோ ஓட்டினோம்.

புதிய இயந்திரத்தில் ஒரு வட்டத் தட்டு, அதில் எட்டுக் குழிகள். முதல் குழியில் வெறுங்கிண்ணம் விழும். இரண்டாவதில் கிண்ணம் இருக்கிறதா என்று சென்சர் பார்க்கும். மூன்றாவதில் பிஸ்டன் பால் ஊற்றும். நான்காவதில் உறிஞ்சு குமிழ் ஒன்று அலுமினிய மூடித்தாளை எடுத்து வைக்கும். ஐந்திலும் ஆறிலும் சூட்டுத் தலைகள் அழுத்தும். ஏழில் திகதி விழும். எட்டில் கிண்ணம் வெளியே தள்ளப்படும். தட்டைத் திருப்புவது காற்றுச் சிலிண்டர். அதன் கொக்கி தட்டின் பல்லில் மாட்டி 45 பாகை இழுக்கும். உடனே ஓர் ஊசி குழியில் விழுந்து தட்டை நிறுத்தும். ஒவ்வொரு திருப்பத்திலும் எட்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒவ்வொரு திருப்பத்திலும் முடிந்த கிண்ணம் ஒன்று வெளியே வருகிறது.

இதைப் பார்த்த முதல் வாரம் நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். அந்தத் தாளம் மனிதரை மயக்கிவிடும். எட்டு நிலையும் ஒழுங்காக இருக்கும்போது அதன் முன்னால் நிற்பதே ஒரு நிறைவு. ஒரு நிலை கெட்டால் மற்ற ஏழும் சேர்ந்து கெட்ட சரக்கை அதே வேகத்தில் அள்ளிக் குவிக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

யாரையெல்லாம் குற்றம் சொன்னோம்

முதலில் கடைக்காரரை. குளிர்ப்பெட்டியை இரவில் நிறுத்தியிருப்பார் என்றேன். அவர் இரவு முழுவதும் ஓடும் பெட்டியைத் திறந்து காட்டினார். நான் வெட்கத்தோடு திரும்பினேன். அடுத்து பரந்தன் முல்லைத்தீவு வீதியில் வாகனம் குலுங்கியதை. பிறகு உறை மோரை. கடைசியில் மூடித்தாள் தந்த வியாபாரியை.

உறையில் பிழை இருந்திருந்தால் யோகட் இறுகாமல் நீர்த்திருக்கும். எங்கள் கிண்ணங்கள் 43 பாகைச் சூட்டறையில் நான்கு மணித்தியாலத்தில் அழகாக இறுகியிருந்தன. பூஞ்சைக்குக் காற்று வேண்டும். காற்று புகுந்திருக்கிறது என்றால் மூடி ஒட்டவில்லை. மூடி ஒட்டவில்லை என்றால் சூடு போதவில்லை. இப்படித்தான் யோசனை ஐந்தாம் நிலைக்குப் போய்ச் சேர்ந்தது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். அதனால்தான் மூன்று நாட்கள் வீணாகின.

சூட்டை 180 பாகையிலிருந்து 190 ஆக்கினோம். கசிவு நிற்கவில்லை. 200. பிறகு 210. இப்போது தாளின் ஓரம் பழுப்பேறியது, பிளாஸ்டிக் விளிம்பு நெளிந்தது, கசிவு மட்டும் அப்படியே இருந்தது. அதுவும் எல்லாக் கிண்ணத்திலும் இல்லை. ஒரு தட்டு யோகட்டில் ஒன்று, அடுத்ததில் மூன்று, பிறகு ஒன்றுமே இல்லை. எப்போதும் வரும் பழுதைவிட இடையிடையே வரும் பழுதுதான் மனிதரை வதைக்கும். தங்கச்சி மூன்றாம் நாள் மாலை கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அண்ணை, பழையபடி கையாலேயே ஊற்றுவோம்" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. கையால் செய்தபோது ஊற்றுபவர் சிந்தினால் ஊற்றுபவருக்கே தெரியும்.

மச்சானின் அச்சு

பொங்கலுக்கென்று கனடாவிலிருந்து வந்திருந்த என் மச்சான், மனைவியின் அண்ணன், அந்த மாலை நிலையத்துக்கு வந்தார். தொண்ணூறுகளில் போனவர். அங்கே உரிமம் பெற்று, சுடுதிடலில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபடுகிறார். குளிர்காலத்தில் நிலவறையில் உட்கார்ந்து தன் துவக்கு ரவைகளைத் தானே நிரப்புகிறார். அங்கே உரிமக்காரர் சொந்தப் பாவனைக்கு அப்படிச் செய்யலாம். இங்கே அனுமதியில்லாமல் அதைத் தொடுவது குற்றம்.

இந்த விடயத்தை அவர் ஊரில் வாய் திறந்து சொல்வதில்லை. எனக்கு அது விளங்கும். எங்கள் மண்ணில் மண்வெட்டி முனையில் ஒரு பித்தளைக் கோது தட்டுப்பட்டாலே வேலை நின்றுவிடும். அதன் அருகில் வேறு என்ன கிடக்கிறதோ என்று எல்லோரும் பின்வாங்குவோம். முகமாலைப் பக்கம் பெண்கள் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மிதிவெடி அகற்றியதைப் பார்த்தவர்கள் நாங்கள். ரவை என்ற சொல்லை விளையாட்டோடு சேர்த்துக் கேட்க எங்கள் காதுக்கு இன்னும் பழக்கமில்லை. ஆனால் அன்று அவர் இயந்திரத்தைப் பார்த்ததும் பேசாமல் இருக்க முடியவில்லை. "மச்சான், இது என்னுடைய அச்சேதான்" என்றார்.

அவர் விளக்கியதை என் சொல்லில் தருகிறேன். சுட்ட ரவையில் மிஞ்சுவது பித்தளைக் கோது. விலை கூடிய பாகமும் அதுதான். பலமுறை திரும்பப் பாவிக்கலாம். சுட்டபோது விரிந்த கோதை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அடியில் தீப்பொறி தரும் சிறு மூடியான கேப் இருக்கும்; செத்த கேப்பைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும். வெடிமருந்து இட வேண்டும். சன்னத்தை, அதாவது பறந்துபோகும் குண்டை, அமர்த்தி வாயை இறுக்க வேண்டும். ஒற்றை நிலை அச்சில் நூறு கோதுக்கும் முதல் வேலை, பிறகு நூறுக்கும் இரண்டாம் வேலை என்று போகும். மெதுவானது, ஆனால் ஒவ்வொன்றும் கண்ணுக்கு முன்னால் நடக்கும்.

சுழல்தட்டு அச்சில் கைப்பிடியை ஒருமுறை இழுத்துவிட்டால் எல்லா நிலையிலும் வேலை நடந்து, முடிந்த ரவை ஒன்று கூடையில் விழும். அமெரிக்காவின் டில்லன் நிறுவனத்தின் ஆர்.எல். 550 நான்கு நிலை உள்ளது. தட்டைக் கையால் திருப்ப வேண்டும். அதே நிறுவனத்தின் எக்ஸ்.எல். 650 ஐந்து நிலை உள்ளது. இழுப்போடு தானாகத் திரும்பும். கையால் திருப்புவதில் ஒருமுறை திருப்ப மறந்தால் ஒரே கோதில் இரண்டு தடவை மருந்து விழலாம். தானாகத் திரும்புவதில் அந்த மறதிக்கு இடமில்லை; ஆனால் பாதி இழுப்பில் எதுவும் தடக்கி நின்றுவிட்டால், எந்தக் கோதில் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று சொல்வது கடினம். மருந்து விழாத ரவையின் சன்னம் துவக்கின் குழாய்க்குள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடிக்கலாம். இரட்டை மருந்து விழுந்தாலும் துவக்கு கையிலேயே சிதறலாம்.

"முதல் மூன்று மாதம் அதை விற்றுவிடலாம் என்றே நினைத்தேன்" என்றார் மச்சான். கேப்புகளை நூறு நூறாகக் குழாயில் அடுக்க வேண்டும். ஒன்று தலைகீழாகப் போனாலும் எல்லாம் நிற்கும். தள்ளிய கேப்பின் கரித்தூள் தட்டின் கீழ் சேர்ந்து அடுத்த கேப் சரியாக அமராது. ஒரு பழுதைத் திருத்தினால் அதற்குப் பின்னாலிருந்த பழுது தலைகாட்டும். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சீர்செய்து முடித்த ஒரு சனிக்கிழமை இரவு, ஒரு மணித்தியாலம் எதுவும் தடக்காமல் ஓடியதாம். கைப்பிடி வழியாக ஒவ்வொரு நிலையும் தன் வேலையைச் சொல்வது உள்ளங்கையில் தெரிந்தது என்றார். சொல்லும்போது அவருடைய கை வெறுங்காற்றில் அந்தக் கைப்பிடியை இழுத்தது. எங்கள் தாளம் எனக்கு ஏன் பிடித்திருந்தது என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது.

பிறகு அவர் கேட்ட கேள்வி இதுதான்: "தட்டு நிற்கும்போது ஏன் இப்படி உதறுகிறது?"

நான் சூட்டுத் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் தண்ணீர்

அவருடைய அச்சிலும் அதே கதை நடந்திருக்கிறது. கட்டையான கோதில் மருந்து வாய் மட்டத்துக்குக் கிட்ட நிற்கும். தட்டு திரும்பி 'டக்' என்று நிற்கும் உதறலில் சில மணிகள் வெளியே துள்ளும். அந்த மருந்து தட்டெல்லாம் பரவி, பிழை வேறு நிலைகளில் இருப்பதுபோல் காட்டும். தட்டை நிறுத்தும் சிறு உருண்டையின் கீழுள்ள ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் குறைத்து, கையையும் நிதானமாக்கிய பிறகே துள்ளல் நின்றதாம்.

எங்கள் கிண்ணத்தில் பால் துள்ளுகிறதா? வெள்ளைக் கிண்ணம், வெள்ளைப் பால், வேகமாக ஓடும் தட்டு. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. வழியைச் சொன்னவர் தங்கச்சி. மறுநாள் வீட்டிலிருந்து மஞ்சள் கொண்டுவந்து தண்ணீரில் கரைத்தார். இயந்திரத்தில் ஒரேயொரு கிண்ணம் மட்டும் போட்டோம். மூன்றாம் நிலையில் 80 மில்லிலீற்றர் மஞ்சள் தண்ணீர் விழுந்தது. தட்டு திரும்பியது. நான்காம் நிலைக்கு வந்ததும் நிறுத்தி, கிண்ணத்தை அப்படியே தூக்கி, டோர்ச் வெளிச்சத்தில் பிடித்தேன்.

விளிம்பின் முன்பக்கத்தில், தட்டு ஓடும் திசையில், அரிசி மணியை விடச் சிறிய ஒரு மஞ்சள் துளி.

இருபது கிண்ணம் போட்டோம். ஏழில் துளி இருந்தது, எல்லாம் ஒரே பக்கத்தில். திரும்பி வந்த கிண்ணங்களை எடுத்து, திகதி அச்சின் நிலையை வைத்துத் திசை பார்த்தோம். மூடி திறந்திருந்ததும் அதே பக்கம்.

அதன்பின் மற்றதெல்லாம் தானாக விளங்கியது. மூடித்தாளின் அடியிலுள்ள மெழுகு போன்ற பூச்சு உருகி விளிம்பில் பிடிக்க வேண்டும். விளிம்பில் பால் துளி இருந்தால் சூடு முழுவதும் முதலில் அந்த ஈரத்தை ஆவியாக்கவே போகிறது. அது வற்றும்வரை அந்த இடம் 100 பாகையைத் தாண்டாது. தலை அழுத்துவதோ ஒரு விநாடிக்கும் குறைவு. சூட்டை 210 ஆக்கியபோது ஈரம் இல்லாத இடங்கள் கருகின. ஈரம் இருந்த இடம் அப்படியே இருந்தது. சூட்டுத் தலை தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. மூன்று நாட்களாக நான் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தட்டு ஏன் உதறியது என்பதற்குப் பதில் என்னிடமே இருந்தது. பொங்கலுக்கு 6,000 கிண்ணம் கேட்டிருந்தார்கள். அதற்கு முந்திய வாரம், திருப்பும் சிலிண்டருக்குக் காற்று விடும் திருகை நான் இரண்டரைச் சுற்றுத் திறந்துவிட்டேன். நிமிடத்துக்கு 13 ஆக இருந்தது 16 ஆனது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். நான் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை; பொங்கல் கூட்டத்தோடு அது என் நினைவிலிருந்தே போய்விட்டது. சத்தம் மாறியது தங்கச்சிக்குத் தெரிந்திருந்தது. முன்பு 'டக்' என்றது, பிறகு 'டங்' என்றது என்று பின்னர் சொன்னார். அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வேகம் கூட்டினால் சத்தம் கூடும்தானே என்று நினைத்தேன் அண்ணை" என்றார். அதில் அவருடைய பிழை ஒன்றும் இல்லை. சத்தத்தையும் சொல்லலாம் என்று அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

கரண்ட் போகும் நேரம்

திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். சூட்டை 180 இல் வைத்தோம். மஞ்சள் தண்ணீரில் நாற்பது கிண்ணம் போட்டதில் ஒரு துளியும் இல்லை. அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன், மச்சான் விடவில்லை. ஓட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓட்டுவோம் என்றேன். அவர் முகம் மாறியது.

பிஸ்டன் பாதி இறங்கியபோது கரண்ட் போயிருந்தால் அந்தக் கிண்ணத்தில் பாதிப் பால். மறுபடி ஓட்டினால் பிஸ்டன் தொடக்கத்திலிருந்து முழு அளவும் ஊற்றி வழியவிடலாம். அல்லது பாதியோடு தட்டு நகரலாம். சூட்டுத் தலையின் கீழ் நின்ற கிண்ணமோ ஒருமுறை அரைகுறையாக ஒட்டி, ஆறி, மறுபடி அழுத்தப்பட்டிருக்கும். வெளியே பார்த்தால் எட்டும் நல்ல கிண்ணங்கள் போலவே தெரியும். தன் அச்சு பாதியில் நின்றால் தட்டிலுள்ள எல்லாவற்றையும் அகற்றிவிட்டு வெறுந்தட்டோடுதான் மறுபடி தொடங்குவேன் என்றார். எது சரி, எது பிழை என்று நினைவுபடுத்திப் பார்ப்பதே இல்லையாம். அவருடைய தட்டில் தவறினால் விரல் போகும், கண் போகும். எங்களுடையதில் ஒரு குழந்தைக்கு வயிற்றோட்டம் வரலாம். இரண்டும் நடக்கக் கூடாதவை.

எட்டுக் கிண்ணம் என்றால் முக்கால் லீற்றருக்கும் குறைவான பால். இருந்தாலும் முதல் தடவை அதை எடுத்து ஊற்றத் தங்கச்சிக்கு மனம் வரவில்லை. கிண்ணங்களைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். தொட்டிக்குத் திருப்பி ஊற்றலாமா என்று கேட்டார். உறை கலந்து, வெளிக்காற்றுப் பட்ட பால் தொட்டிக்குத் திரும்பக் கூடாது. முழுத் தொட்டியும் போய்விடும். இப்போது அவற்றை ஒரு தனி வாளியில் சேர்த்து மாலையில் கன்றுகளுக்குக் கொண்டுபோகிறார்.

இப்போது

ஒவ்வொரு காலையும் பால் திறப்பதற்கு முன் ஒற்றைக் கிண்ணம் ஒன்றை வெறும் தண்ணீரோடு எட்டு நிலையும் தனித்தனியாக நகர்த்திப் பார்க்கிறோம். பத்து நிமிடம் பிடிக்கிறது. திருகுகள் எல்லாவற்றுக்கும் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறோம். யார் தொட்டாலும் கொப்பியில் எழுத வேண்டும், நானும்தான். கொப்பியில் 'சத்தம்' என்று ஒரு நிரல் உண்டு. அது தங்கச்சி கேட்டுச் சேர்த்தது.

அடுத்த ஆறு வாரத்தில் கசிவு என்று கடைகளிலிருந்து ஒரு தட்டு யோகட்டும் திரும்பி வரவில்லை. நிமிடத்துக்கு 16 ஓடிய நாட்களில் நெளிந்ததை ஒதுக்கி, வழிந்ததைத் துடைத்து, நிறுத்தி நிறுத்தி ஓட்டி முடிக்க ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் ஆனது. இப்போது 13 இல் ஓட்டியும் அதே 3,000 கிண்ணம் அதே நேரத்தில் முடிகிறது, யாரும் ஓடித் திரியாமல்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கார்த்திகை மழை தொடங்கியதும் மூடித்தாள்கள் ஈரக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டி, உறிஞ்சு குமிழ் இரண்டு தாளைச் சேர்த்துத் தூக்குகிறது. கீழ்த்தாள் ஒட்டும், மேல்தாள் கழன்று விழும். அல்லது இரண்டு தாளைத் தாண்டிச் சூடு போதாமல் எதுவும் ஒட்டாது. தாள் கட்டைச் சீட்டுக்கட்டு போல விசிறிப் பிரித்துப் போடுகிறார் தங்கச்சி, குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மச்சானிடம் தொலைபேசியில் சொன்னேன். தன் கேப்புக் குழாயும் இன்னும் இடையிடையே அடம்பிடிக்கிறது என்றார்.

போன கிழமை நிருவாகக் குழுவில் அடுத்த வைகாசிப் பொங்கல் பற்றிப் பேச்சு வந்தது. மறுபடியும் 6,000 கிண்ணம். கொஞ்சம் வேகம் கூட்டலாமா என்று ஒருவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் தங்கச்சி கொப்பியைப் பிரித்தார். நிமிடத்துக்கு 13, ஏழே முக்கால் மணித்தியாலம். முதல்நாள் மாலைப் பாலைக் குளிரூட்டி வைத்தால் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கலாம். சாவியை மட்டும் முதல்நாளே தன்னிடம் தந்துவிட வேண்டும் என்றார்.